பற்றும் வரவும் கற்பித்த துறவி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

கணிதம் படிக்க வந்தவன் கணக்கு எழுதத் தெரியாமல் திணறினான் என்றால் கேட்பவர் நகைப்பர். சென்ற பருவத்தில் என் நிலை அதுதான். எங்கள் வகுப்புக்கு நிதிக் கணக்கியல் துணைப்பாடம். நுண்கணிதத்தையும் வடிவியலையும் ஓராண்டு பார்த்துவிட்ட நமக்கு இந்தக் கூட்டலும் கழித்தலும் எம்மாத்திரம் என்ற இறுமாப்போடு வகுப்பில் அமர்ந்தேன். முதல் தேர்வில் 25க்கு 7 மதிப்பெண் வந்தது. இறுமாப்பும் அன்றே போயிற்று.

நான் முட்டிக்கொண்ட இடம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். இப்போது முதலாண்டில் இருக்கும் தம்பிகளும் அங்கேதான் முட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. அப்பா கூலி வாங்கி வந்தால் அம்மா அதை வரவு என்பார். அரிசிக்குக் கொடுத்தால் செலவு என்பார். கைக்கு வந்த பணம் வரவு என்பது நான் பிறந்தது முதல் கேட்டுவரும் சொல். வகுப்பிலோ, பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் என்ற சொற்களே ஒரு சுவர். சுவரேறிக் குதித்துத் தமிழ்ச் சொல்லைப் பிடித்தால் அது தலைகீழாக நிற்கிறது! விதிகளை மனப்பாடம் செய்தேன். தேர்வறையில் எது எந்தப் பக்கம் என்று காசு சுண்டிப் பார்க்காத குறைதான்.

விடைத்தாளைக் கொடுத்தபோது கணக்கியல் பேராசிரியர் ஐயா கோபிக்கவில்லை. இந்தப் பாடத்தை உலகில் முதன்முதலாக அச்சேற்றியவர் ஒரு கணித ஆசிரியர்தான் என்றும், அவர் வரலாற்றைத் தேடிப் படித்துவிட்டு வந்து தம்மைப் பார்க்கும்படியும் சொல்லி நூலகத்திற்கு அனுப்பினார். அங்கே கணித வரலாற்று நூல் ஒன்றில் ஒரு படத்தைக் கண்டேன். துறவியாடை அணிந்த ஒருவர் பலகையில் வடிவியல் படம் வரைந்து காட்டுகிறார். பாதியளவு நீர் நிறைந்த கண்ணாடிப் பன்முகி ஒன்று மேலிருந்து தொங்குகிறது. 1495இல் தீட்டப்பட்டதென்று கருதப்படும் அவ்வோவியம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்திலிருந்த துறவியே லூக்கா பாச்சோலி.

இத்தாலியில் டஸ்கனிப் பகுதியிலுள்ள சான்செபோல்க்ரோ என்ற சிற்றூரில் 1447ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் பாச்சோலி. செல்வக் குடும்பமன்று. சிறுவயதில் அவ்வூரில் பெஃபோல்சி என்ற வேறொரு குடும்பத்தாரின் இல்லத்தில் வளர்ந்தார். அதே ஊரைச் சேர்ந்தவர்தான் பியரோ டெல்லா பிரான்செஸ்கா என்னும் பெரும் ஓவியர். ஓவியர் மட்டுமல்லர், கணிதத்தில் நூல்கள் எழுதுமளவுக்குத் தேர்ந்தவர். இந்தப் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் மீண்டும் வரும்.

அந்நாளைய இத்தாலியில் கல்வி இரண்டு தடங்களில் ஓடியது. பல்கலைக்கழகத்திற்குச் செல்வோர் இலத்தீன் படித்தனர். வணிகர் வீட்டுப் பிள்ளைகள் அபாகஸ் பள்ளிக்குச் சென்று தாய்மொழியிலேயே கணக்குக் கற்றனர். அபாகஸ் என்று பெயரே தவிர அங்கே மணிச்சட்டம் கிடையாது. நம் நாட்டில் தோன்றி அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்றடைந்த எண்களைக் கொண்டு தாளில் கணக்கிடுவதே பாடம். பிபோனாச்சி என்று நாம் படிக்கும் பீசா நகரத்து லியனார்டோ 1202இல் எழுதிய நூல் அந்த எண்களை இத்தாலிய வணிகரிடையே பரப்பியிருந்தது. வட்டி, நாணய மாற்று, கூட்டு வாணிபத்தில் இலாபப் பங்கீடு ஆகியவையே அப்பள்ளிகளின் கணக்குகள்.

1464ஆம் ஆண்டளவில் இளைஞர் பாச்சோலி வெனிஸ் நகரம் வந்து சேர்ந்தார். அங்கே அந்தோனியோ ரொம்பியாசி என்ற வணிகரின் மூன்று புதல்வர்களுக்கு வீட்டு ஆசிரியராக அமர்ந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே தாமும் ஓர் ஆசிரியரிடம் கணிதம் பயின்றார். வணிகரின் அலுவல்களிலும் துணை செய்தார். 1470இல் அந்தப் பிள்ளைகளுக்காகவே ஒரு கணக்கு நூல் எழுதினார். அந்நூல் இன்று கிடைக்கவில்லை. பின்னர் ரோம் நகரில் ஆல்பர்ட்டி என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் இல்லத்தில் சில காலம் தங்கினார். 1470களில் பிரான்சிஸ்கன் சபையில் துறவியானார்.

துறவியான பின்னும் அவர் ஓரிடத்தில் இருந்தாரில்லை. 1477 முதல் 1480 வரை பெருஜியா பல்கலைக்கழகம், பிறகு கடல் கடந்து சாரா நகரம், மீண்டும் பெருஜியா, நேப்பிள்ஸ், ரோம் என்று ஆசிரியப் பணியிலேயே சுற்றினார். பெருஜியாவில் தம் மாணவர்களுக்காக எழுதிய கணக்கு நூலின் கையெழுத்துப் படி வத்திக்கான் நூலகத்தில் இன்றும் உள்ளது. சொந்த ஊரில் மட்டும் அவருக்கு நிம்மதி இல்லை. 1491இல் அங்குள்ள இளைஞர்களுக்குப் பாடம் சொல்லக் கூடாதென்று அவரைத் தடுத்தார்கள். போப்பாண்டவர் அளித்திருந்த சலுகைகளால் சக துறவியரிடம் எழுந்த பொறாமையே காரணம் என்பர். இரண்டாண்டு கழித்து அவர்களே தவக்காலச் சொற்பொழிவுக்கு அவரை அழைத்திருக்கிறார்கள்! ஊர் என்றால் எங்கும் இப்படித்தான் போலும்.

அவர் பெயரை நிலைக்கச் செய்த நூல் 1494இல் வெனிஸில் அச்சாயிற்று. எண் கணிதம், வடிவியல், விகிதம், விகிதசமம் ஆகியவற்றின் தொகுப்பு என்று பொருள்படும் நீண்ட பெயர் அதற்கு. தொகுப்பு என்பதற்கான அவர்கள் சொல் சும்மா. அறிஞர்களும் அந்நூலைச் சுருக்கமாகச் சும்மா என்றே குறிப்பிடுகிறார்கள். 600 பக்கங்களுக்கு மேற்பட்ட சும்மா! அன்றுவரை தெரிந்த கணிதம் அனைத்தையும் அதில் திரட்டி வைத்தார். யூக்ளிட் முதல் பிபோனாச்சி வரை தாம் யாரிடமிருந்து எடுத்தார் என்று பெயர்களையும் சொன்னார். இலத்தீனில் எழுதியிருந்தால் பண்டிதர்கள் மெச்சியிருப்பார்கள். அவர் கடைவீதியில் பேசப்பட்ட இத்தாலிய மொழியில் எழுதினார்.

அந்தப் பெரிய நூலுக்குள் முப்பது பக்கங்களுக்கும் குறைவான ஒரு பகுதி, 36 சிறு அத்தியாயங்களாக, வணிகர் கணக்கு எழுதும் முறையை விளக்குகிறது. நாம் படிக்கும் இரட்டைப் பதிவு முறையின் முதல் அச்சுப் பாடநூல் அதுதான்.

இங்கே ஒரு தவற்றைத் திருத்த வேண்டும். கணக்கியலின் தந்தை என்று இவரை அழைப்பதால் இரட்டைப் பதிவை இவரே கண்டுபிடித்தார் என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணினேன். இவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1340இல், ஜெனோவா நகராட்சி இம்முறையில் பேரேடு எழுதியிருக்கிறது. கொத்ருலி என்பவர் 1458இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அவர் நூல் அச்சேறியது 1573இல்தான். பாச்சோலியும் தாம் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. வெனிஸ் வணிகர் கைக்கொள்ளும் முறையையே எடுத்துரைப்பதாகச் சொல்கிறார். வணிகக் குடும்பங்களின் உள்ளே தந்தையிடமிருந்து மகனுக்கும் முதலாளியிடமிருந்து எழுத்தருக்கும் வழிவழியாக வந்த வித்தையை, காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் எவனும் கற்கலாம் என்றாக்கியதே இவர் செய்தது. கணக்கு எழுதும் குடும்பத்தில் பிறக்காத எனக்கு இது சிறிய காரியமாகத் தோன்றவில்லை.

அவர் சொல்லித்தரும் முறை எப்படி? முதலில் வணிகன் தனக்குள்ள சொத்து, கடன் அனைத்தையும் ஒரே நாளில் பட்டியலிட வேண்டும். எளிதில் தொலையக்கூடிய ரொக்கம், நகை, வெள்ளி ஆகியவற்றை முதலில் எழுத வேண்டும். வீடும் நிலமும் ஓடிப்போகா, பின்னால் எழுதலாம். அவர் காட்டும் மாதிரிப் பட்டியலில் இறகு மெத்தையும் உண்டு, துணிமணியும் உண்டு, இஞ்சி, மிளகு மூட்டைகளும் உண்டு. மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து அரபிக் கடல் தாண்டி வெனிஸ் போனது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்க அப்போது இன்னும் நான்காண்டுகள் இருந்தன.

பட்டியலுக்குப் பின் மூன்று ஏடுகள். முதலாவது நம் கடைவீதியில் சிட்டை என்கிறார்களே, அது. நடந்தது நடந்தபடி, வீட்டில் எழுதத் தெரிந்த எவரும் அதில் குறிக்கலாம். இரண்டாவது குறிப்பேடு. சிட்டையிலுள்ளதைப் பற்று யார், வரவு யார் என்று பிரித்து, எல்லா நாணயங்களையும் ஒரே நாணயத்துக்கு மாற்றி இதில் ஒழுங்காக எழுத வேண்டும். மூன்றாவது பேரேடு. ஒவ்வொரு பெயருக்கும் ஓரிடம். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. குறிப்பேட்டின் ஒரு பதிவு பேரேட்டில் இரண்டு இடங்களில் ஏறும். பற்றை ஏற்றியவுடன் குறிப்பேட்டில் அந்தப் பதிவின் மேல் ஒரு கோடு. வரவை ஏற்றியவுடன் இன்னொரு கோடு. ஒவ்வோர் ஏட்டையும் சிலுவைக் குறியிட்டுத் தொடங்கச் சொல்கிறார். நம் பெரியவர்கள் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவதைப் போல. இறுதியில் பற்றுகளையெல்லாம் ஒரு தாளின் ஒருபுறமும் வரவுகளையெல்லாம் மறுபுறமும் கூட்டிப் பார்க்க வேண்டும். சமமானால் நன்று. இல்லையேல் எங்கோ பிழை; தேடு. நம் இருப்பாய்வு இதுவே.

என் முடிச்சு அவிழ்ந்த இடத்துக்கு வருகிறேன். வணிகன் தொழில் தொடங்கும்போது எழுதும் முதற்பதிவில், பாச்சோலி ரொக்கத்தைப் பற்றிலும் முதலை வரவிலும் வைக்கிறார். பற்றுப் பக்கத்துக்கு அவர்கள் மொழியில் இருந்த தலைப்பின் பொருள், கொடுக்க வேண்டியவர் என்பது. வரவுப் பக்கம், பெற வேண்டியவர். இதைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பணப்பெட்டியை ஓர் ஆளாக நினைத்துக்கொள்ள வேண்டும். நான் அவனிடம் 100 ரூபாயைக் கொடுத்து வைத்தால் அவன் வாங்கிக்கொண்டவன். எனக்கு நாளை கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவன். ஆகவே அவன் பெயரில் பற்று. கொடுத்தவர் எவரோ அவர் பெற வேண்டியவர். அவர் பெயரில் வரவு. வீட்டில் அம்மா சொல்லும் வரவு நம் கண்கொண்டு பார்ப்பது. பேரேட்டின் பற்றும் வரவும் அந்தந்தப் பெயருக்குரியவர் கண்கொண்டு பார்ப்பது. வங்கியில் நாம் பணம் கட்டினால் பாஸ்புத்தகத்தில் வரவு என்று வருகிறதே, அது வங்கியின் ஏட்டில் நம் பெயர். நம் ஏட்டில் வங்கியின் பெயரை எழுதினால் அதே பணம் பற்று. இதைப் பேராசிரியர் ஐயாவிடம் சென்று சொன்னபோது, இதைத்தான் முதல் வாரத்திலேயே சொன்னேன் என்றார். சொல்லியிருப்பார். எனக்குத்தான் கேட்கவில்லை.

அந்த 36 அத்தியாயங்களில் ஏழாவது என்னை அதிகம் நிறுத்தி வைத்தது. வணிகர் தம் ஏடுகளை நகரத்து அலுவலரிடம் கொண்டுபோய், யார் கையெழுத்தில் எழுதப்படும் என்பதைத் தெரிவித்துச் சான்று பெற வேண்டும் என்கிறார் பாச்சோலி. காரணத்தையும் மறைக்கவில்லை. வாங்குவோனுக்கு ஓர் ஏடு, விற்போனுக்கு வேறோர் ஏடு என்று இரண்டு வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் சத்தியமும் செய்கிறவர்கள் உண்டாம். 500 ஆண்டுகளுக்கு முன்னரே!

கணித மாணவர்களுக்காக ஒன்று. சும்மாவில் பிழையும் இருக்கிறது. 60 புள்ளி எடுத்தால் வெற்றி, ஓர் ஆட்டத்துக்கு 10 புள்ளி என்ற பந்து விளையாட்டு 50க்கு 20 என்ற நிலையில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்றொரு கணக்கு. பாச்சோலி 5க்கு 2 என்று பிரித்தார். எடுத்த புள்ளியைப் பார்த்தாரே தவிர எடுக்க வேண்டியதைப் பார்க்கவில்லை. இரு அணியும் சமபலம் என்று கொண்டால், பின்தங்கியவர் அடுத்த நான்கு ஆட்டத்தையும் வென்றால்தான் பிழைப்பர். அதற்கு நிகழ்தகவு 16இல் 1. ஆகவே 15க்கு 1 என்பதே சரி. இத்தகைய கணக்குகளுக்கு முறையான வழியைப் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதங்கள் வழியே கண்டனர். தவறான விடைதான்; ஆனால் அச்சில் இருந்ததால் பிறர் கண்ணில் பட்டது.

நூல் வெளிவந்த இரண்டொரு ஆண்டில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சா அவரைக் கணிதம் கற்பிக்க அழைத்தார். அங்கேதான் லியனார்டோ டா வின்சியின் நட்புக் கிடைத்தது. இயேசுவின் இறுதி இராவுணவு ஓவியத்தை லியனார்டோ தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் முன்னரே சும்மாவைக் காசு கொடுத்து வாங்கி, வாங்கியதைத் தம் செலவுக் குறிப்பில் எழுதியும் வைத்திருந்தார். நாற்பதைக் கடந்த அந்த மேதை பாச்சோலியிடம் மாணவனாக அமர்ந்து வடிவியல் கற்றார். பாச்சோலி எழுதிய தெய்விக விகிதம் என்ற நூலுக்குப் பன்முகிகளின் படங்களை வரைந்து தந்தார். 1499இல் பிரெஞ்சுப் படை மிலானைப் பிடித்தபோது இருவரும் அங்கிருந்து வெளியேறி, பின்பு பிளாரன்ஸில் ஒரே வீட்டில் வசித்தனர்.

தெய்விக விகிதம் 1509இல் வெனிஸில் அச்சாயிற்று. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பெயர் இங்கேதான் வருகிறது. அந்நூலின் இறுதிப் பகுதி, ஓவியர் பியரோ ஐந்து ஒழுங்குப் பன்முகிகளைப் பற்றி எழுதிய நூலின் இத்தாலிய வடிவமே. பியரோவின் பெயர் அதில் இல்லை. அவர் 1492இலேயே இறந்துவிட்டார், கேட்க ஆளில்லை. ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி 1550இல் பாச்சோலியைத் திருடர் என்றே சாடினார். வெகுகாலம் கழித்துப் பியரோவின் மூல நூல் வத்திக்கான் நூலகத்தில் கிடைத்து ஒப்பிட்டபோது குற்றச்சாட்டில் உண்மை இருப்பது தெரிந்தது. பாச்சோலிக்காகப் பேசுவோர், அக்காலத்தில் பிறர் நூலை எடுத்தாள்வது வழக்கம் என்பர். சும்மாவில் அவர் பியரோவைப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார் என்றும் காட்டுவர். இருக்கலாம். ஆயினும் வாங்கியவன் பெயரையும் கொடுத்தவன் பெயரையும் சேர்த்தே எழுது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தம் ஊர்க்காரர் ஒருவரிடம் வாங்கியதற்கு மட்டும் வரவு எழுதாமல் விட்டார். அவர் மேல் எனக்கிருந்த பிரியம் இதனால் குறையவில்லை. ஆனால் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

அதே 1509இல் யூக்ளிடின் நூலையும் இலத்தீனில் பதிப்பித்தார். 1514இல் போப்பாண்டவர் பத்தாம் லியோ அவரை ரோமில் கற்பிக்க அழைத்தார். 1517இல் பிறந்த ஊரான சான்செபோல்க்ரோவிலேயே காலமானார். அவருடைய கணக்குப் பகுதியைத் தழுவி 1543இல் ஆங்கிலத்திலும் டச்சு மொழியிலும் நூல்கள் வந்தன. நூலின் 500ஆம் ஆண்டான 1994இல் இத்தாலிய அரசு அவர் உருவம் பொறித்த 500 லிரா நாணயம் வெளியிட்டது.

இனி எங்கள் வீட்டுக் கதை. அக்காவின் திருமணத்துக்கு அப்பா தமக்குப் பாவு கொடுக்கும் ஜவுளிக்காரரிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். சேலை கொண்டுபோய்க் கொடுக்கும்போது கூலியில் 300 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். பாக்கி எவ்வளவு என்பது அவர்கள் ஏட்டுக்கு மட்டுமே தெரியும். அப்பாவிடம் இருந்ததெல்லாம் தறிக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தித் தொங்கும் கூலிச் சீட்டுகள். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு, அந்தச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் குறிப்பேடும் பேரேடும் எழுதினேன். 131 பதிவுகள். பற்றும் வரவும் கச்சிதமாகச் சமமாயின. ஜவுளிக்காரருக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி 20,700 என்று வந்தது. அவர்கள் சொன்னதோ 22,500.

நோட்டை எடுத்துக்கொண்டு போக அப்பா ஒப்பவில்லை. கொடுத்தவரைச் சந்தேகப்படுவதாகும், பாவு நின்றுவிட்டால் என்ன செய்வது என்றார். நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அவராகவே நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். அங்கிருந்த கணக்குப்பிள்ளை பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தம் ஏட்டோடு ஒப்பிட்டார். நான்கு வாரம் பிடித்த 300 அவர்கள் ஏட்டில் ஏறாதிருந்தது. என் நோட்டில் இரண்டு சீட்டுகள் இருமுறை ஏறியிருந்தன. ஒரே தவற்றை இரு பக்கமும் செய்திருந்ததால் இருப்பாய்வு அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாக்கி 21,300 என்று இரண்டு ஏட்டிலும் எழுதப்பட்டது. பாவு நிற்கவில்லை.

பாச்சோலி போடச் சொன்ன கோட்டை நான் சீட்டில் போடவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. இப்போது சீட்டு வந்ததும் நான் நோட்டில் ஏற்றுகிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்பியில் குத்தும் முன் சீட்டின் மேல் கோடு இழுப்பது அவர் வேலை. பற்றுக்கு ஒன்று, வரவுக்கு ஒன்று என்று இரண்டு கோடு இழுக்கிறார்.